இசைவாணிக்குப் போன நோட்டீஸ்

இருபத்தாறு வருஷமா திண்டிவனத்துல வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன். கேஸ்ல எதிர்க்கட்சி ஆளு எங்க ஆபீஸ் படியேறி வந்து, "நீங்க அனுப்புன நோட்டீஸுக்கு அர்த்தம் சொல்லுங்க"ன்னு கேட்டது இசைவாணி ஒருத்திதான்.

இரும்பைங்கிற கிராமத்துப் பொண்ணு. பத்தாவது முடிச்சிட்டு ஊருக்குப் பக்கத்துலயே ஒரு தையல் கம்பெனியில துணிப்பை தைச்சிக்கினு இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி, எங்க ஊர்ல செல்போன் கடை வெச்சிருக்கிற கோகுலகிருஷ்ணனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. இப்போ ஆறு மாசமா அப்பா வீடு. மறுபடி தையல். சேர்ந்து வாழ வரச்சொல்லி அந்தப் பையனுக்காக நோட்டீஸ் அனுப்புனது நாங்கதான். எப்பவும்போல இங்கிலீஷ்ல.

அது வந்தப்போ மத்தியானம் ஒரு மணி. எங்க சாரு கோர்ட்லேர்ந்து சாப்பாட்டுக்கு வர்ற நேரம். எதிர்க்கட்சியோட நான் பேசிக்கினு இருக்கிறதைப் பார்த்தாருன்னா அன்னியோட என் சீட்டு கிழிஞ்சிடும்.

"ஏம்மா, நீ இங்கல்லாம் வரக்கூடாது. உனக்குன்னு ஒரு வக்கீலைப் பாரு, போ."

"பார்க்கிறேன் சார். மூணாவது பாராவுல ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்." நோட்டீஸை நீட்டுச்சு. "எங்க தெருவுல டிகிரி படிச்சவரு ஒருத்தரு, இது அசிங்கமான வார்த்தை, நடத்தை கெட்டவள்னு அர்த்தம்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு. ரெண்டு நாளா அவரு சோறு துன்னல. இந்தப் பேச்சு கோர்ட் ஏறுறதுக்குள்ள உன்னை அந்த வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடறேன்னு இன்னிக்கே கூட்டிக்கினு வந்துட்டாரு சார். கீழதான் நிக்கிறாரு."

ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். அவங்கப்பா மாரியப்பன். ஒல்லியான மனுஷன், கையில பொண்ணோட துணிமணிப் பை. எங்க ஆபீஸை நிமிர்ந்து பார்க்கக்கூட கூச்சப்பட்டுக்கினு ரோட்டைப் பார்த்து நின்னாரு.

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். என் கட்சிக்காரரை நீ 'கன்டெம்ன்' பண்ணிட்டதா இருந்துச்சு. அடக்கடவுளே, நான் அடிச்ச டைப்பு! புருஷன் தரப்பு நோட்டீஸ் எல்லாத்துக்கும் அந்தப் பாராதான். எந்தக் காலத்து வக்கீல் எழுதுனதோ, பேரை மட்டும் மாத்தி மாத்தி அடிச்சிக்கினு வர்றேன். அர்த்தம்? சத்தியமா தெரியாது. கோர்ட்டை அவமதிச்சா கன்டெம்ப்ட்னு கேஸ் போடுவாங்க, அது தெரியும். அதையே சொல்லி வெச்சேன்.

"கோர்ட்டுக்கு சரி. அந்தாளு என்ன ஹைகோர்ட்டா சார்?"

சிரிப்பு வந்துச்சு. அதுக்குள்ள வாசல்ல பைக் சத்தம், ஜன்னலுக்கு ஓடுனேன். நல்ல வேளை, கூரியர்காரன். என்னடா பேஜாரு இதுன்னு, விழுப்புரம் காலேஜ்ல இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிற எம்பொண்ணு அஸ்வினிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"அது ரொம்பப் பழைய வார்த்தைப்பா. இப்போ பேச்சுல யாரும் சொல்றதில்ல. சட்டத்துலயும் பழைய புஸ்தகத்துலயும்தான் வரும். அசிங்கமெல்லாம் கிடையாது. மதிக்கவே லாயக்கில்லைன்னு நினைக்கிறது. ஒருத்தரு பணத்தை கன்டெம்ன் பண்றாருன்னா, காசை ஒரு பொருட்டாவே நினைக்கலைன்னு அர்த்தம். மனுஷங்களையும் அப்படிச் சொல்லலாம்."

"திட்டுனா, கைய நீட்டுனாதானாம்மா அது?" இசைவாணி போனுக்குக் கிட்ட குனிஞ்சு கேட்டுச்சு.

"இல்லைக்கா. வாயே திறக்க வேணாம். ஒருத்தரை மனசுல கீழ எறக்கி வெச்சிட்டாலே அதான்."

போனை வெச்சேன். போய் அப்பாகிட்ட சொல்லிடும், நான் பொழைச்சேன்னு இருந்தா, அது அப்படியே பெஞ்சுல உக்காந்துடுச்சு.

"அப்போ அந்த வரி சரிதான் சார்."

"ஐயோ, என்னம்மா பேசுற! யாராவது கேட்டா அதையே உனக்கு எதிரா எழுதிக்குவாங்க."

"எழுதட்டும். கல்யாணமான வருஷம் எங்கப்பா எனக்கு வறுத்துத் துன்ன மல்லாட்டை மூட்டையைத் தலையில தூக்கிக்கினு அங்க வந்தாரு. கீழ கடை, மேல வீடு. கடையில இருந்த ஃப்ரெண்டு, யாருடா இதுன்னு கேட்டான். 'வேலையாளு, மூட்டை எறக்க வந்தான்'னு சொன்னாரு சார் எம்புருஷன். நான் படியில நின்னுக்கினு இருந்தேன். அன்னிலேர்ந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. ஆக்கிப் போட்டேன், துவைச்சுப் போட்டேன். ஆனா அந்தாளை ஒரு மனுஷனா மதிக்கல. மூணு வருஷத்துக்கு மேல அங்க இருந்து பார்த்தேன், முடியல." நோட்டீஸை வாங்கி மடிச்சிக்கிச்சு. "எங்கப்பாவுக்கு இது தெரியாது சார். தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

நிமிர்ந்து பார்த்தேன். கதவுகிட்ட மாரியப்பன் நின்னுக்கினு இருந்தாரு. பொண்ணைக் காணோமேன்னு படியேறி வந்திருக்காரு, எவ்வளவு நேரமா நிக்கிறாரோ தெரியல. இசைவாணி திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கிச்சு.

"அன்னிக்கு அது எனக்கும் காதுல விழுந்துச்சும்மா"ன்னாரு. "உனக்குக் கேக்கலைன்னுதான் இத்தினி நாளும் நெனைச்சிக்கினு இருந்தேன். எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போலாம்."