காக்கா தின்னாத கறி

பச்சை மொச்சையைப் பிதுக்கினால் விரல் இடுக்கில் ஒரு வாசம் ஏறுமே, அது சோப்புப் போட்டாலும் போகாது; எழுத்து தெரியாத நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிற இந்த நேரத்திலும், விரலை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமல்லபுரத்தில் கடலோர பங்களா ஒன்றில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு என் அம்மா சமையல் வேலை பார்த்தாள். மொச்சையைக் குழைய வேகவைத்து, பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்டு, குடலில் கறியை அடைத்துப் புகை காட்டிய "சாசேஜ்" என்பதை அரிந்து போட்டு அந்த அம்மா ஒரு சூப்பு வைப்பாள். காரத்தில் மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டே குடிப்பாளாம், பாவம். அவள் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சரம் சாசேஜை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மார்புச் சளியோடு படுத்திருந்த அப்பாவிடம் அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது, "அத்த ஒருவாட்டி எனக்கும் வச்சுக் குடுமே, வூட்டுக்கு வந்து துன்றேன்" என்றாராம். பொங்கல் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மீந்த கறி என்றால் எங்கள் வீட்டில் வெயிலில் காய வேண்டியதுதான். அம்மா அந்தச் சரத்தையும் "உப்புக்கண்டம்" காயும் கயிற்றில் தொங்கவிட்டு, காக்கா ஓட்டுவதற்கு என் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டுக் களையெடுக்கப் போனாள்.

முதல் நாள் ஓரத்தைத்தான் கிள்ளினேன். மறுநாள் ஒரு முழுத் துண்டு. "பாழாப் போன காக்கா, என் வூட்டுக் கயிறுதான் கண்ணுக்குத் தெரியுதா?" என்று அம்மா வீசிய கல் ஒரு காக்காவின் காலில் பட்டு, அது ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வாசலிலேயே திரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த துண்டையும் தின்றேன்.

அப்பா வந்த அன்று சரத்தில் ஒன்றுதான் மிச்சம். அம்மா அதையே சூப்பில் போட்டுத் தட்டில் ஊற்றினாள்.

"இன்னாமே, சரம்னு சொன்ன, ஒண்ணுதான் கீது?"

"காக்கா தூக்கினு போய்ட்சு, நான் இன்னா பண்றது?"

அப்பா என்னைப் பார்த்தார். சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. "அந்தக் காக்கா நல்லா வளந்துகீது போல" என்று அந்தத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். "துன்னு கண்ணு. அடுத்த தபா நான் துன்றேன்."

அடுத்த மொச்சை காய்க்கும்வரை அவர் இருக்கவில்லை. அம்மா சாகும்வரை காக்காவைத்தான் திட்டினாள். கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சிறுசேரியில் பேத்தி வேலை பார்க்கிறாள், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். சாசேஜ் பாக்கெட் பாக்கெட்டாக ஃபிரிட்ஜில் கிடக்கிறது. நொண்டிக் காக்கா திரிய வாசல் இல்லை, கறி காயக் கயிறும் இல்லை. அப்பாவின் நினைவு நாளில் மொச்சை வாங்கி, அதே சூப்பு வைத்துப் படைத்து, ஒரு துண்டோடு பால்கனிக்குப் போனேன்.

"பாட்டி, புறாவுக்காக நெட்டு போட்டுட்டாங்க, காக்கா வராது" என்றாள் பேத்தி.

வலையின் ஓட்டை வழியே கையை நீட்டி, "கா... கா..." என்று தோள் கடுக்கும்வரை கூப்பிட்டேன். கீழே கேப் வண்டிகளின் ஹார்ன்தான் கேட்டது. துண்டு ஆறி, என் விரலில் எண்ணெய் உறைந்தது.

இந்த முறையும் காக்கா தின்னவில்லை.