எழுவைதீவுக்கு ஏற்றிய ஸ்பீக்கர்

1. றெற்றோ என்றால் பழசு

ஊர்காவற்றுறையில் என்னை 'ஹலோ மாஸ்ரர்' என்பார்கள். மாஸ்ரர் என்றவுடன் படிப்பித்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். கோயில் திருவிழா, கல்யாண வீடு, செத்த வீடு எங்கே என்றாலும் மைக்கைப் பிடித்து 'ஹலோ, ஹலோ' சொல்லிப் பார்ப்பவன் நான்தான். வயசு போய்விட்டது, அந்த ஒரு சொல்லுக்கு மேலே மைக்கில் பேச இன்னும் யாரும் என்னை விடவில்லை.

திருவிழா இல்லாத நாட்களில் கடையில் இருந்து ரீவி, றேடியோ திருத்துவேன், ஸ்பீக்கர் விற்பேன். இப்போது பெடியன்கள் போனில் படத்தைக் காட்டி, பழைய ரீவி கேமுக்கு மேசையில் வைக்க மலிவான ஸ்பீக்கர் கேட்கிறார்கள். றெற்றோ என்று பெயராம். நாங்கள் பழசு என்று எறிந்ததற்கு இவ்வளவு மரியாதை. என்னையும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று விசயம் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய கேம் பெட்டியில் மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு. சத்தம் ஒரு பக்கம்தான். இரண்டு ஸ்பீக்கர் வாங்கிக் கொண்டுபோனவன் மறுநாள் வந்து, ஒன்று செத்துப்போச்சு என்று சண்டை பிடிப்பான். ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற சின்ன வயர் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சண்டை இல்லை. பெட்டியில் அச்சடித்திருக்கிற வாட்ஸை நம்பவேண்டாம். அது உண்மையென்றால் அந்த ஸ்பீக்கரால் நெடுந்தீவுக்குப் படகு ஓட்டலாம். எங்கள் உப்புக் காற்றுக்குப் பிளக் கறுத்துப்போகும். துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழுது என்று சொல்லவேண்டும்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை எழுவைதீவுக்குப் போய்த்தான் படித்தேன்.

2. பிந்தி வந்த சத்தம்

ஜெசிந்தா எழுவைதீவுப் பிள்ளை. காலைப் படகில் கருவாடு கொண்டுவந்து எங்கள் சந்தையில் விற்பாள். கத்தி விற்ற குரல் மத்தியானத்துக்குள் அடைத்துப்போய்விடும். ஒருநாள் வெறும் கூடையோடு கடைக்குள் வந்து, ரீவி கேமுக்கு நல்லாக் கேட்கிற ஸ்பீக்கர் வேண்டும் என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மகன் படிக்கிறானில்லையெண்டு பிறகு என்னட்டை வந்து அழப்படாது" என்றேன்.

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை அண்ணை" என்றாள். "என்ரை அவருக்கு."

அதற்குப் பிறகும் நான் வாயை மூடவில்லை. கலியாணம் கட்டின மனிதனுக்கு என்ன விளையாட்டு என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுடைய மனிதர் அருள்தாஸ் கடலட்டை குளிக்கிறவர், அதாவது ஆழத்தில் மூழ்கிக் கடலட்டை எடுக்கிறவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. காதும் கெட்டது. ஒரு காதில் ஒன்றும் இல்லை, மற்றதில் கொஞ்சம் மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கலியாணம் முடித்த புதிதில் வாங்கிய ரீவி கேம் ஒன்று வீட்டில் கிடந்தது. அவள் சந்தையால் வீடு போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் விளையாடுவார்களாம். மலையிலிருந்து கல் உருளும், இரண்டு பொம்மை மனிதர் விலகி ஓடவேண்டும். கல் வருமுன் ஒரு விசில் கேட்கும். விசிலைக் கேட்டுத்தான் குதிக்கவேண்டும். கல்லைக் கண்ட பிறகு குதித்தால் பிந்திவிடும்.

"இப்ப அவர் விளையாட வாறாரில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். விசில் கேக்கேல்லைப் போலை" என்றாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் பேச்சும் கதையும் இல்லையாம். நானும் யோசிக்காமல், இப்போது எல்லாரும் வாங்குகிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை, கேம் பெட்டியில் செருகிச் சத்தத்தை அனுப்புகிற சின்னச் சாமானோடு எடுத்துக் கொடுத்தேன். வயர் இல்லை, காதுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்று பெரிய விளக்கமும் கொடுத்தேன்.

இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. கல் விழுந்து ஆள் செத்த பிறகுதான் விசில் வருகிறது என்றாள். அது என்னுடைய பிழைதான். புளூடூத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தித்தான் வரும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது தெரியாது. விளையாடுகிறவனுக்கு அது உயிர் போகிற விசயம். பெடியன்களே, கேமுக்கு வயர்தான்.

அடுத்ததாக ஊஃபர் செற் ஒன்றைக் கொடுத்தேன். தரையில் வைக்கிற பெரிய பெட்டி ஒன்று, மேசையில் வைக்கிற சின்னப் பெட்டி இரண்டு. எங்கள் ஆட்கள் ஸ்பீக்கரை நெஞ்சில் அடிக்கிற அடியை வைத்துத்தான் பார்ப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அதுவும் சரிவரவில்லை. அடுத்த வீட்டு நாய் குரைக்கிறதே ஒழிய, அவர் திரும்பியும் பார்க்கவில்லை என்றாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ? நீங்கள் வந்தால் அவர் என்ன கேக்குது, என்ன கேக்கேல்லையெண்டு சொல்லுவார். எனக்குச் சொல்லுறாரில்லை."

3. கட்டிலுக்குப் பக்கத்தில்

இருக்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டிக்கொண்டு படகேறினேன். கடல் எனக்கு ஒத்துவராது. ஊர்காவற்றுறையும் தீவுதான். தீவில் பிறந்தவன் படகில் சத்தி எடுப்பதைப் பார்த்து, படகில் இருந்த அவ்வளவு பேரும் பிரயாணக் களைப்பை மறந்தார்கள்.

அருள்தாஸ் என்னைவிட வயது குறைந்த மனிதர். தோளும் நெஞ்சும் இன்னும் கடலில் குளிக்கிறவனுடையதாகவே இருந்தன. போர்வைக்குக் கீழே கால் இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழும்பிச் சாய்ந்து, வந்தவனுக்குக் கதிரை போடு என்று மனிசிக்குச் சொன்னார். அவள் அவருடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து, இவர்தான் ஸ்பீக்கர் அண்ணை என்று கத்தினாள். சந்தையில் போன குரலில் மிச்சம் இருந்தது அந்தக் கத்தலில் போய்விட்டது. பிறகு தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

நான் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கொழுவி, விசில் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பெரிய டொக்ரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கேட்கிறதா என்று கையால் கேட்டேன். முதலாவதுக்குத் தலையை ஆட்டினார், பரவாயில்லை என்று. இரண்டாவதுக்கு, கொஞ்சம் குறைவு என்றார். மூன்றாவதுக்கு முகம் மலர்ந்தது.

"ஓம், இதுதான். இது நல்லாக் கேக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவதைத் தடவிக்கொண்டே பின்னால் பார்த்தேன். அதன் பிளக் என்னுடைய மடியில் கிடந்தது. நான் இன்னும் கொழுவவே இல்லை. ரீவியில் கல் உருண்டுகொண்டிருந்தது, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். கடலில் வேலை செய்தவர்கள் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுக்கமாட்டார்கள்.

குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தன்னுடைய சத்தம் எவ்வளவு என்று தெரியாததால், மெதுவாக என்று நினைத்ததே கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது.

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. மிச்சம் இருந்ததும் மாரிக்கு முதலே போட்டுது. அவளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. மற்றக் காது இருக்கெண்டு அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்."

நான் வாயால் கேட்டால் அவருக்குக் கேட்காது. ஏன் என்று கையை விரித்தேன்.

"அவள் கதைச்சு நான் விளங்காமல் முழிச்சால் அழுறாள். அதுதான் சுவரைப் பாத்துக் கிடந்தனான். இப்ப பாத்தால் அதுக்கும் அழுறாள். நீங்கள் ஏதாவது ஒண்டைக் குடுத்து, இதாலை கேக்குமெண்டு சொல்லுங்கோ. அவள் வந்து பக்கத்திலை இருந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

மடியில் கிடந்த பிளக்கை எடுத்துக் கொழுவினேன். 

தேத்தண்ணி வருமுன் முடிவெடுக்கவேண்டும். காது கேட்காத மனிதருக்கு எந்த ஸ்பீக்கர் நல்லது? இந்தக் கேள்விக்கு ஒரு பெட்டியிலும் பதில் அச்சடித்திருக்காது. பிறகுதான் மண்டையில் ஏறியது, அந்த வீட்டில் இரண்டு பேர் விளையாடுகிறார்கள் என்று. நாள் முழுக்கச் சந்தைச் சத்தத்துக்குள் நின்று வருகிறவள் ஒருத்தியும் இருக்கிறாள்.

ஊஃபர் செற்றின் சின்னப் பெட்டி இரண்டையும் அவள் இருக்கிற பக்கத்தில் வைத்தேன். அடியைக் குறைத்து, விசில் தெளிவாக, காதுக்கு நோகாமல் வருமட்டும் திருகினேன். பெரிய பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டில் பலகையில், அவருடைய கைக்குக் கீழே வைத்தேன். கையை அதன் மேலே எடுத்து வைத்துவிட்டு ஒரு கல்லை உருட்டினேன். கல் விழுந்த அதிர்வு கையில் பட்டது. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். விசில் சன்னமான சத்தம், அது பெரிய பெட்டியால் வராது. கல் விழுந்ததாவது தெரியட்டும் என்றுதான் வைத்தேன்.

ஜெசிந்தா தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றாள்.

"சரிவந்திட்டுதோ?"

"உம்மடை மனிசன் இனி உம்மை வெல்லுவார், கவனமாய் இரும்" என்றேன்.

அவள் தேத்தண்ணியை என் கையில் தராமல் நிலத்தில் வைத்துவிட்டுப் போய்க் கட்டிலில் ஏறி இருந்தாள். இரண்டு பேரும் விளையாடினார்கள். விசில் கேட்டது, அவர் குதித்தார். அடுத்த விசிலுக்கும் குதித்தார். எனக்கே ஆச்சரியம். கல் உருளுகிற முறை பழகிப்போய், குருட்டுப்பாடத்தில் குதிக்கிறார் என்று நினைத்தேன். அவள் தோற்றாள். "கள்ளன்" என்று அவருடைய தோளில் அடித்தாள். அந்தச் சொல் அவருக்குக் கேட்டிருக்காது, அடி கேட்டிருக்கும்.

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சொல்லாமலே வெளியே வந்தேன்.

4. சத்தம் அடைத்த வீடு

அடுத்த மாரியில் அவருடைய படுக்கைப்புண் பெருத்துக் காய்ச்சல் வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படகில் திரும்பி வந்தது சவப்பெட்டிதான். செபத்துக்கு மைக் கட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஹலோ சொல்ல வாய் வரவில்லை. விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் செபம் சொல்ல வந்த சுவாமியாரிடம் கொடுத்தேன்.

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் முடியும்வரை றேடியோ, ரீவி சத்தம் போடுவதில்லை. இதில் எங்கள் பக்கம் கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசம் இல்லை.

அந்த நாள் கழிந்து கொஞ்சக் காலத்தில் ஜெசிந்தா கடைக்கு வந்தாள். கறுப்பு உடுப்பு. கூடை இல்லை. ஸ்பீக்கரைத் திருப்பித் தர வந்திருக்கிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்றால் நான் வந்து எடுக்கிறேன் பிள்ளை என்றேன். அதுக்கு வரவில்லை என்றாள். கதிரையில் இருந்தாள். தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"துடக்கு வீட்டிலை செய்யக்கூடாததுதான். ஒருநாள் மனம் கேளாமல் சத்தத்தை அடைச்சுப்போட்டு ஒரு ஆட்டம் விளையாடிப் பாத்தனான்" என்றாள். "ஒரு கல்லுக்குக்கூட விலக ஏலேல்லை. எத்தினை வருசமாய் விளையாடுறன், எனக்குப் பாடமாக்க ஏலாது அண்ணை. அது ஒவ்வொரு முறையும் மாறி மாறி வரும்."

 அவள் நேரே என்னைப் பார்த்தாள்.

"அவருக்குக் கேட்டதோ?"

ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த மனிதர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். ஆனால் இவள் வீட்டில் தனியாக இருந்து சத்தத்தை அடைத்துப் பார்த்துவிட்டு, கடல் கடந்து வந்து கேட்கிறாள். அவளுக்கு முன்னால் இருந்து பொய் சொல்ல என்னால் ஏலவில்லை.

"இல்லைப் பிள்ளை. நான் வந்த அண்டைக்கே கேக்கேல்லை."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. 

"விசில் கேட்டால் நான் தோளைச் சுருக்கிறனான். சின்னனிலையிருந்து ஒரு பழக்கம்" என்றாள். "அவர் ரீவியைப் பாக்கவே மாட்டார். என்ரை முகத்தைத்தான் பாப்பார். என்னை என்ன பாக்கிறியள், ரீவியைப் பாருங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் ஏசினனான் அண்ணை."

அவள் குடிக்காத தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினேன்.  வெளியே படகுக்குச் சனம் போகத் தொடங்கியது. எழும்பிச் சீலையை உதறிக்கொண்டு, போட்டு வாறன் அண்ணை என்று போனாள்.

இப்போது ஸ்பீக்கர் கேட்டு வருகிற பெடியன்களிடம் நான் முதலில் வாட்ஸ் கேட்பதில்லை, மேசை எவ்வளவு பெரிது என்றும் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்து விளையாடுவது யார் என்று கேட்கிறேன். லூசன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். யாராவது இருக்கிறார்கள் என்றால், அவர்களையும் ஒருமுறை கடைக்குக் கூட்டிவரச் சொல்வேன். ஒருவரும் இல்லை என்கிறவனுக்கு ஒரு மலிவான ஹெட்போன் போதும். அதற்கு என்னுடைய ஆலோசனை தேவையில்லை.