முகம் பார்க்கும் தரை

மாசானத்தின் தொழிலாளர் அட்டையில் 'தொழில்: கையாள். திறன்: இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதியவர், மாசானம் பதித்த தரை எதையும் மிதித்திருக்க மாட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கிய மாசானம் டைல்ஸ் பதித்தால் இணைப்பில் நகம் நுழையாது. மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கையில் வைத்திருப்பார், நம்புவது கண்ணைத்தான்.

தொழிற்பேட்டைக்கு நிலம் போன ஊர்களில் அப்போது எல்லாரும் வீடு கட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசை: தரையில் முகம் தெரிய வேண்டும். கார் கம்பெனியில் வேலை பார்த்த பாபுவுக்கு ஹாலில் தெரிந்தது போதவில்லை. குளியலறையிலும் தெரிய வேண்டும் என்றான். மாசானம் தெரிய வைத்தார். ஊரே வந்து எட்டிப் பார்த்தது. சாமி அறைக்குக்கூட அத்தனை பேர் வரவில்லை.

பாபுவின் அப்பா திருமலைக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் மழைக்கால வரப்பில் நாற்றுக்கட்டைச் சுமந்து நடந்து, ஒரு தடவைகூட வழுக்காதவர். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். பழைய வீட்டுக் கிணற்றடியில் கருங்கல். எண்ணெய் அங்கே ஒன்றும் செய்ததில்லை. புது வீட்டில் இரண்டாவது சனிக்கிழமையே விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு தப்பியது.

கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கூடாதது பாபுவின் தைரியம். அவனும் மனைவி மஞ்சுளாவும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். "நாங்க இல்லாதப்ப எழுந்துக்காத" என்று சொல்லி, குளியலறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு வாளியையும் வைத்துவிட்டான். அன்பினால் செய்ததுதான். மூன்று மாதத்தில் திருமலையின் கால்கள் குச்சியாகிவிட்டன. கடைத்தெருவரை நடந்தவருக்கு வாசற்படியே தூரமானது. இப்படியே விட்டால் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்பது பாபுவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

பாபுவும் மஞ்சுளாவும் வீட்டிலிருந்த ஒரு லீவு நாளில் சமையலறையில் ஒரு கசிவைப் பார்க்க வந்த மாசானம், பகல் பதினொரு மணிக்குக் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து நின்றார்.

"எப்படி விழுந்திய பெரியய்யா?"

"உன் தரையிலதாம்பா. என் மூஞ்சியப் பாத்துகினே உழுந்தேன்."

"எதையும் புடிக்கலியா?"

"கொழாயப் புடிச்சேன். அதுவும் எங்கூடவே வந்துட்ச்சி."

மாசானம் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தரையில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலைத் தேய்த்துப் பார்த்தார். வெளியே வந்து, அதை உடைத்துவிடலாம் என்றார்.

பாபு பதறினான். "இன்னா மேஸ்திரி! ஊரே பாத்துட்டுப் போன பாத்ரூமு. எண்ணெ தேய்க்காதன்னு அவராண்ட சொல்லு, முடிஞ்சிது."

"எண்ணெய வுடறதுக்கு உசுர வுட்ருவேன்" என்றது கட்டில்.

"தம்பி, கம்பெனி பஸ்ஸுல எதப் புடிச்சிட்டு நிக்கிய?"

"கம்பிய."

"முப்பது வயசுல ஒமக்குக் கம்பி வேணும். அவுகளுக்கு வேண்டாமாக்கும்?"

மஞ்சுளா முடித்துவைத்தாள். "அந்த வாளிய தெனம் கழுவுறது நானு. நீங்க ஒடைங்கண்ணே."

ஞாயிற்றுக்கிழமை மாசானம் உடைத்தார். நகம் நுழையாத இணைப்பில் உளி நுழையவும் வெகுநேரம் பிடித்தது. தன் கைவேலையை அவர் திட்டியதை அன்றுதான் கேட்டார்கள். கடப்பாக் கல்லை, வழவழப்பான முகம் கீழே போக, சொரசொரப்பு மேலே தெரியப் பதித்தார். கால் தடுக்கும் வாசல் மேட்டை எடுத்துவிட்டுச் சரிவாக்கினார். கம்பி வைக்க அளவுநாடாவை எடுக்கவில்லை. திருமலையை எழுப்பிக் கூட்டிவந்து, "விழப் போறதா நெனச்சுக் கைய நீட்டுங்க" என்றார். கை தொட்ட இடத்தில் கரிக்கோடு போட்டு, இரும்புக் குழாயைச் சுவருக்குள் செலுத்திப் பூசினார். பிறகு அதில் தானே தொங்கிப் பார்த்தார்.

பூச்சின் ஈரம் காய்ந்த பிறகு வந்த சனிக்கிழமை, திருமலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். பாபு கதவுக்கு வெளியே நின்றான்.

"அப்பா?"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உள்ளிருந்து, "குளிக்க வுட்றா டேய்!" என்று குரல் வந்தது. பாபு நகர்ந்துபோனான். தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டான்.

நன்றி சொல்வது திருமலைக்குப் பழக்கமில்லை. ஒரு மாதம் தெருவில் நடந்து கால் தேறிய பிறகு, மாசானம் வேலை செய்த இடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தார்.

"ஏம்ப்பா, இந்தக் கம்பிய மொதல்லயே வெச்சா இன்னா?"

"தப்புதான் பெரியய்யா."

அந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வழியில் பார்த்தவர்களையெல்லாம் வீட்டுக்கு இழுத்துவந்து கம்பியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குளியலறைக்கு மறுபடியும் விருந்தாளிகள் வந்தார்கள். இந்த முறை வயதானவர்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் மாசானம், தான் இழைத்துப் பதித்த பதினொரு குளியலறைத் தரைகளைத் தானே உடைத்து, சொரசொரப்பான கல்லைப் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுப் பெரியவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி வைத்தார்.