வலது கைப்பக்கம் மலை

பிளஸ் டூ பரீட்சை முடிந்த அன்றைக்கே பெரியவள் கேட்டுவிட்டாள். நர்சிங் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போவதற்குள் ஒரே ஒரு தடவை, வீட்டில் நாலு பேரும் சேர்ந்து எங்கேயாவது போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரவேண்டும். வேற ஒண்ணும் வேணாம்மா என்றாள். புது போன் கேட்டிருந்தால்கூட எப்படியாவது வாங்கித் தந்திருப்போம். இதைக் கேட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் சின்னவளுக்குப் பதினோரு வயது. ஆட்டிசம். அதிலும் ஜாஸ்தி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பேச்சு கிடையாது. பசித்தால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தட்டின்மேல் வைப்பாள். பிடிக்காதது நடந்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். மணிக்கட்டில் தோல் காய்த்துப்போய்க் கிடக்கிறது. கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவாள். தண்ணீரைப் பார்த்தால் இறங்கிவிடுவாள். அதனால் எங்கள் வாசல் கதவுக்கு உள்பக்கமும் பூட்டு உண்டு. சாவி என் தாலிச் சரட்டில் ஊக்கோடு தொங்கும். கல்யாணம், கருமாதி எதுவானாலும் ஒருத்தர் போனால் ஒருத்தர் வீட்டில் இருப்போம். நாலு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வேற இடத்தில் படுத்தது கிடையாது.

பெரியவள் இடமும் பார்த்து வைத்திருந்தாள். செங்கம் தாண்டி, மலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அங்கே டென்ட் போட்டுத் தருகிறார்கள், நாமே சமைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் வேற ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று போனில் படம் காட்டினாள். லாட்ஜ் என்றால் பக்கத்து ரூம்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். தோப்பில் இவள் கத்தினால் யாருக்கு என்ன? அந்த ஒரு காரணத்துக்கே எனக்கும் ஆசை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். தோப்புக்காரருக்கு அவர்தான் போன் பண்ணினார். டென்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணறு இருக்குதா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தொட்டி மூடி இருக்குமா, நாய் இருக்குதா, ஜெனரேட்டர் சத்தம் வருமா என்று வரிசையாகக் கேட்டார். அந்த மனிதர் அதெல்லாம் பத்திரமா பாத்துக்கலாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர், "பத்திரம் வேணாங்க, மூடி இருக்குதா சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் கிணற்றின்மேல் இரும்பு வலை போட்டுத் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். ரோடெல்லாம் கிரிவலக் கூட்டமாக இருக்கும், பௌர்ணமியும் வேண்டாம், அதற்கு முன்னே பின்னே ஒரு நாளும் வேண்டாம் என்று பார்த்து ஒரு தேதி குறித்தோம்.

பெரியவள் கூடத்தில் என் பழைய புடவை இரண்டைக் கட்டி டென்ட் மாதிரி பண்ணினாள். முதல் நாள் சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நாலாம் நாள் உள்ளே போய்ப் படுத்துப் புடவைக்கரையை முகத்தில் தேய்த்துக்கொண்டாள். நான் பூஜை அலமாரி முன்னால் நின்று அண்ணாமலையாருக்குக் கற்பூரம் காட்டினேன். டென்ட்தான் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டம் ரோட்டில் இருந்தது. அதை உண்டாக்கியவள் நான்.

இதை விளக்கமாகத்தான் சொல்லவேண்டும். இவளுக்கு மூன்று வயசில் தூக்கமே கிடையாது. அழுகை, அழுகை, அப்படி ஒரு அழுகை. ஒருநாள் விடியக்காலை என்ன பண்ணுவதென்று தெரியாமல் ஆட்டோவில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் அண்ணாமலையார் மலையைச் சுற்றி வந்தோம். செங்கம் ரோட்டில் போய், கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் வலதுபக்கம் திரும்பி, அடி அண்ணாமலை வழியாகச் சுற்றி ஊருக்குள் வந்து வீடு. வழியில் எமலிங்கம் கோயில் வருவதற்குள் அழுகை நின்றுவிட்டது. வீடு வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அண்ணாமலையாரே கையைப் பிடித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து எட்டு வருஷம், பௌர்ணமிக்கு வண்டி விடாத நாள் தவிர, தினமும் விடியக்காலை ஒரு சுற்று. மலை எப்போதும் வலது கைப்பக்கம். நம் ஊரில் யாராவது இடமாகச் சுற்றுவார்களா? அடி அண்ணாமலையில் நிறுத்தி, கோயில் வாசலில் அவளுக்கு விபூதி வைப்பேன். அவளும் வலது கையை வெளியே நீட்டி மலையைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டே வருவாள். எம்பொண்ணுக்குப் பேச்சுதான் வரலே, பக்தி வந்துடுச்சு என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருதடவை சொன்னாங்க. "ஒரே வழியில கூட்டினு போகாதீங்கம்மா. வழிய மாத்தி மாத்திப் போங்க. இல்லன்னா அதுவே அவளுக்குச் சட்டம் ஆயிடும்." நான் கொஞ்சம் கோபமாகவே, "சாமி வழிய எப்படிங்க மாத்துறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவங்க சொன்னதுதான் நடந்தது. வண்டியில் ஏறினால் மலை வலதுபக்கம் இருக்கவேண்டும், சுற்றி வந்து வீட்டில் இறங்கவேண்டும். அவளுக்கு வண்டி என்றால் அவ்வளவுதான். வேற வழியில் போகவேண்டிய தேவை எங்களுக்கு வந்ததே இல்லை. பள்ளிக்கூடமும் அந்தப் பாதையிலேயே இருந்தது. அதனால் இது கண்ணில் படவே இல்லை.

மாந்தோப்புக்கு அந்தப் பிரிவில் வலதுபக்கம் திரும்பாமல் நேராகப் போகவேண்டும்.

பழக்கிப் பார்ப்போம் என்று முதல் நாள் நேராக ஒரு நூறு அடி போனார் என் வீட்டுக்காரர். அவள் கை வெளியே நீட்டியபடி இருந்தது. மலை பின்னால் போவதைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கையை வாய்க்குள் வைத்துக் கடித்தாள். வண்டியைத் திருப்பினால் மலை இடதுபக்கம் வந்துவிட்டது. அதற்கு இன்னும் ஜாஸ்தி கத்தல். பிரிவுக்கு வந்து பாதையில் ஏறி, மலை மறுபடியும் வலதுபக்கம் வந்ததும் டக்கென்று நின்றுவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோவில் மழைக்கு இறக்குகிற ரெக்சின் திரை இருக்கிறதில்லையா, அதை இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. கையில் சுட்ட அப்பளம் கொடுத்தோம். திரை இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடிற்று. டீக்கடை வரை. அப்புறம் புளியமரம் வரை. மூன்றாவது வாரம் பெட்ரோல் பங்க் வரை போய் வந்தோம். பங்க் வாசலில் பெரியவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். நான் அதுவரை வேண்டாததையெல்லாம் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். இந்த ஒரு ராத்திரியைக் கொடுத்துவிடு, கார்த்திகைக்கு நடந்தே சுற்றி வருகிறேன் என்றேன்.

குறித்த நாள் வந்தது. குக்கர், அவள் தட்டு, அவள் டம்ளர், புடவை இரண்டு, அப்பளக்கட்டு, தோப்பில் ராத்திரி அவள் எழுந்தால் தெரியட்டும் என்று காலில் கட்ட சலங்கை, எல்லாம் ஏற்றினோம். நடுவில் சின்னவள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பெரியவள். திரை இறங்கியிருந்தது. பிரிவைத் தாண்டினோம். டீக்கடை, புளியமரம், பங்க், எல்லாம் தாண்டியாயிற்று. அவள் அப்பளம் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவள் மெதுவாக என் தோளில் தட்டினாள்.

அப்புறம் அப்பளம் சத்தம் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குக் கடிகாரம் வேண்டாம். தினமும் வீட்டிலிருந்து புறப்பட்டு இவ்வளவு நேரத்தில் அடி அண்ணாமலை வந்துவிடும், வண்டி நிற்கும், நெற்றியில் விபூதி வரும். அந்த நேரம் தாண்டிவிட்டது. நெற்றியை என்னிடம் காட்டினாள். நான் ஓடுகிற வண்டியிலேயே மடியில் இருந்த விபூதியை எடுத்து வைத்தேன். அது போதவில்லை. என்னைத் தள்ளிவிட்டுத் திரையைத் தூக்கினாள். வெளியே வேர்க்கடலை வயல்தான் இருந்தது. மலை இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை முழுசாக எழுத எனக்கு மனசு இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தாள். பெரியவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் தலையைப் பின்னால் அடித்ததில் பெரியவளுடைய உதடு கிழிந்தது. ஒரு பஸ் ஸ்டாப் பக்கம் வண்டி நின்றது. மூன்று பேரும் சேர்ந்துதான் அவளைப் பிடிக்க முடிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியம்மா கிட்டே வந்து பார்த்துவிட்டு, பாவம், தினமும் கோயிலுக்குக் கூட்டினு போம்மா, சரியாயிடும் என்றாங்க. நல்ல மனசோடுதான் சொன்னாங்க. நான் சரிங்கம்மா என்றேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினார். பிரிவு வரும் வரை அந்தக் கத்தல். பாதைக்குள் ஏறியதும் அமைதி. கையை நீட்டி மலையைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். குக்கரும் பாத்திரமும் பின்னால் கடகடவென்று சத்தம் போட, நாங்கள் மலையைச் சுற்றினோம். அடி அண்ணாமலையில் இறங்கி விபூதி வைத்தேன். தெரிந்த பூக்காரம்மா, இன்னா இன்னிக்கு இவ்ளோ லேட்டு என்று கேட்டாள். அந்தப் பாதையில் எத்தனையோ ஆயிரம் தடவை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் சுவர் மாதிரி இருந்தது. சாமியை அப்படி நினைக்கலாமா என்று பயமாகவும் இருந்தது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டி, சாவியைச் சரட்டில் மாட்டினேன். பெரியவள் உதட்டில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐஸ் உருகித் தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் மட்டும் போயிட்டு வரட்டுமா? அப்பாகூட."

நாலு பேரும் என்று கேட்டவள் அவள்தான். அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பட்டென்று அடித்த மாதிரி இருந்தது. உனக்குத் தங்கச்சி இல்லாமல் இனிக்குதா என்று கேட்க வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் குனிந்துகொண்டு பாத்திரங்களை எடுத்து வைத்தார். தோப்புக்காரர்கிட்ட நாலு பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன், போனா நாலு பேரும் போவணும், இல்லன்னா வேணாம் என்று முணுமுணுத்தார். பெரியவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அழவும் இல்லை.

"போயிட்டு வா," என்றேன். "போங்க ரெண்டு பேரும். பஸ்ல போங்க."

மத்தியானம் போய்விட்டார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். சாயங்காலம் விளக்கேற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, சும்மா நின்றேன். சின்னவள் தன் தட்டைத் தேடினாள். அது ஆட்டோவிலேயே இருந்தது, போய் எடுத்து வரவேண்டுமானால் இவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். அப்படித்தான் செய்தேன். திரும்பி வருவதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் இருந்தால் அவள் எடுத்து வந்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அங்கே அவர்கள் சிரித்துக்கொண்டு சமைப்பார்கள், பாட்டுப் போடுவார்கள், படம் எடுப்பார்கள் என்று ராத்திரி பூரா பொறாமைப்பட்டேன். பெத்த பொண்ணு மேல பொறாமை. இதை எழுதிவைக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. ஆனால் முகம் வேற மாதிரி இருந்தது. என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறு போட்டுவிட்டு, எங்கெங்க சுத்தினே, போட்டோ காட்டு என்றேன்.

"போட்டோ எடுக்கலேம்மா."

"அப்ப என்னதான் பண்ணினே?"

"தூங்கினேன்."

இவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் டென்டுக்குள் போனாளாம். சமைத்துவிட்டு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். விடிந்து வெயில் உள்ளே வந்த பிறகுதான் புரண்டு படுத்தாளாம். எட்டு, ஒன்பது வயசிலிருந்து, சின்னவள் தூங்காத ராத்திரியெல்லாம் இந்த வீட்டில் அவளும் எங்களோடு விழித்திருக்கிறாள். நான் அதைக் கணக்கில் வைத்ததே இல்லை.

அவளை உள்ளூர் காலேஜிலேயே சேர்த்துவிடலாம், ஒரு கை ஒத்தாசையாக இருக்கும் என்று நானும் அவரும் அந்த ஒரு மாசமாக அவளுக்குத் தெரியாமல் பேசிவந்தோம். அன்றைக்கு ராத்திரி அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.