மெஷின் வெட்டா, கை வெட்டா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரிக்கெட் கார்டுக்காகப் பொய் சொன்னேன். ஐம்பத்து மூன்று வயதில்!

சூயிங்கம் பாக்கெட்டோடு கிரிக்கெட் வீரர்கள் படம் போட்ட கார்டு தருவார்களே... அதைச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு வரிசையில் எல்லாம் இருக்கிறது. பதினாலாம் நம்பர் மட்டும் இல்லை. ஆல்பத்தைத் திறந்தாலே அந்தக் காலி இடம்தான் கண்ணில் படும்.

அது ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானராஜ் சாரிடம் இரண்டு இருக்கிறது. அவரும் என்னைப் போல கார்டு சேர்க்கிறவர். நல்ல மனிதர். ஆனால் ஈடாக ஏதாவது கொடுத்தால்தான் தருவார்.

ஈடும் கிடைத்தது. சிவகாசியில் ஒரு பழைய பேப்பர் கடையில், வேறொரு வரிசையின் பதினாறு கார்டுகளும் ஒரே தாளில் — அச்சடித்து, வெட்டாமல் விட்ட முழு ஷீட்! எங்கள் உலகத்தில் முழு ஷீட் என்றால் பொக்கிஷம். பாக்கெட்டில் வந்த கார்டுக்கும் மரியாதை உண்டு. ஷீட்டை வீட்டில் வைத்து வெட்டினால்? வெறும் அட்டை.

அதை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மகா தப்பு. என் மனைவி செல்வி, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கல்யாணப் பத்திரிகைக் கடை நடத்துகிறாள். வெட்டாத தாளைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா?

திரும்பி வந்தால்... பதினாறு கார்டும் ரப்பர் பேண்ட் போட்டுத் தயாராக இருக்கிறது!

“வெட்டாமக் கெடந்துச்சு. நீங்க கோணலா வெட்டிருவீங்களேன்னு நானே வெட்டிட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் வாசலில் ஞானராஜ் சாரின் பைக் சத்தம். ஷீட் என்று சொல்லாமல், ஈடு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

“பாக்கெட்ல வந்த கார்டுன்னு சொல்லப்போறேன். நீ வாயத் தொறக்காத.”

“எம்புட்டு அழகா வெட்டியிருக்கேன், அதச் சொல்லாம...”

“செத்த நேரம் சும்மா இரு!”

நான் என் பொய்யைச் சொன்னேன். ஞானராஜ் சார் லென்ஸை எடுத்தார். ஷீட்டில் வெட்டிய கார்டை அவரிடம் கொடுத்து ஏமாற்றுவது லேசில்லை. முதலில் ஓரம் — கையால் வெட்டினால் பிளேடு நின்று கிளம்பிய இடம் தெரியுமாம். பிறகு அளவு — ஒரு நூல் கூடும், இல்லை குறையும். பக்கத்துக் கார்டின் கலர் கோடாக ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார். கடைசியில் பதினாறையும் சேர்த்து நிமிர்த்தினார். எல்லாம் ஒரே மட்டம்.

சட்டைப் பையிலிருந்து பதினாலாம் நம்பரை எடுத்து மேஜையில் வைத்தார். என் கை அதை நோக்கிப் போனது.

“சுத்தமான மெஷின் வெட்டு சார். கையால இப்படி வெட்ட யாராலயும் ஏலாது” என்றார் அவர்.

“ஏன் ஏலாது?”

காபி டம்ளரோடு செல்வி நின்றிருந்தாள்.

“கட்டிங் மார்க்கப் புடிச்சு நிதானமா வெட்டுனா ஏன் ஏலாது? இப்பத்தான் நான் வெட்டுனேன். மெஷினாம்ல மெஷினு... இரும்பு ஸ்கேலு, ஒரு பிளேடு, அம்புட்டுத்தான்!”

ஞானராஜ் சார் கார்டுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பதினாலாம் நம்பர் மறுபடி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

கிளம்பும்போது அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை ஆர்டரைச் செல்வியிடம் கொடுத்தார். “நீங்களே உங்க கையால வெட்டிக் குடுங்கம்மா” என்று வேறு சொன்னார்.

பொய் சொல்லத் திட்டமிட்டிருக்கும் வாசகர்களே, ஒரு யோசனை... வேலை தெரிந்த ஆளை மட்டும் கூட்டுச் சேர்த்துவிடாதீர்கள். பாராட்டு மெஷினுக்குப் போனால்கூட அவர்களுக்குப் பொறுக்காது!