பூஜ்யத்தில் இருந்த தம்ளர்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், ஐந்து வட்டத் துளைகள் போட்ட ஒரு பலகை இருந்தது. துளைக்கு ஒரு தம்ளர். அப்பா மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். கடல் ஆட்டத்தில் தம்ளர் உருண்டுவிடாமல் இருக்கத் தோணியில் அப்படி ஒரு பலகை உண்டு. ஆடாத வீட்டுக்கும் ஒன்று செய்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். மதிய வெயில் உப்பாக வெளுத்து ஜன்னல் வழியே விழும்போது, தம்ளர்கள் மெல்ல ஆடுவதாகவும் வீடே கரையை விட்டு நகர்வதாகவும் எனக்குத் தோன்றும்.

அம்மாவின் தம்பியான மாமாவும் தங்கையான சித்தியும் எங்களோடு இருந்தார்கள். சித்தி சாயர்புரத்துக்குப் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று அம்மா கேட்டபோது, சித்தி சாக்பீஸை எடுத்து வட்டங்களுக்கு நம்பர் போட்டாள். அப்பா பூஜ்யம், அம்மா ஒன்று, மாமா இரண்டு, சித்தி மூன்று, நான் நான்கு.

“இதாம்க்கா கம்ப்யூட்டர்ல அர்ரேங்கிறது. நம்பரச் சொன்னா போதும், தேடவே வேண்டாம்.”

“ஏளா, அதுக்கு அவுகளுக்குப் பூஜ்யமா போடுவ?”

“அங்கன இருந்துதான்க்கா எல்லாமே தொடங்கும்,” என்று சித்தி தப்பித்துக்கொண்டாள்.

இன்று நானும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள்தான். இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய் என் தம்ளரை எடுத்துவருவதே விளையாட்டாகிவிட்டது.

பிறகு மாமாவுக்குக் கல்யாணமாயிற்று. புது அத்தை சீரோடு தன் தம்ளரையும் கொண்டுவந்தாள். மாமாவை ஒட்டி அதை வைக்க வேண்டுமென்றால் சித்தி ஒரு வட்டம் நகர வேண்டும், நானும் நகர வேண்டும். எனக்கு அப்பால் வெறும் சுவர்தான்.

“நடுவுல ஒண்ணச் சொருகணும்னா பின்னால உள்ளது எல்லாத்தையும் நவுத்தணும். எடமும் பத்தாது, புதுப் பலகைதான் அடிக்கணும். அர்ரேல இதான் கொற,” என்றாள் சித்தி.

பலகை அடிக்கிறவரோ கடலில் இருந்தார். வர வேண்டிய நாள் தாண்டியும் தோணி வரவில்லை. என்னைக் கண்டதும் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். எனக்கோ என் வட்டம் போய்விடுமே என்பது ஒன்றுதான் கவலை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

“அப்பா தம்ளர் சும்மாதான கெடக்கு? அத எடுத்துட்டா எல்லாருக்கும் எடம் இருக்கும்லா,” என்றபடி பூஜ்யத்தில் கை வைத்தேன்.

“ஏளா, அத தொடாத!”

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அத்தை பயந்துபோய், “எனக்கு எடமே வேண்டாம் மதினி,” என்றாள். அம்மா தன் தம்ளரை எடுத்தாள். அந்த இடத்துக்கு மாமாவுடையதை நகர்த்தி, மாமாவின் இடத்தில் அத்தையுடையதை வைத்தாள். அன்றிலிருந்து அம்மாவின் தம்ளர் பானை மூடிமேல் கிடந்தது. வீட்டில் இல்லாதவருக்கு வட்டம் உண்டு, இருக்கிறவளுக்கு இல்லை. இது என்ன கணக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. யாரும் குடிக்காத அந்தத் தம்ளரை அவள் தினமும் கழுவித் துடைத்துப் பூஜ்யத்திலேயே வைத்தாள்.

ஒரு மதியம் அப்பா வாசலில் நின்றார். தாடியும் கறுத்த முகமுமாக, ஆள் பாதியாகியிருந்தார். எஞ்சின் பழுதாகி ஏதோ தீவில் ஒதுங்கிக் கிடந்ததையெல்லாம் பிறகுதான் சொன்னார். நேரே சமையலறைக்குப் போனவர், எங்களைப் பார்த்துக்கொண்டே, பலகைப் பக்கம் திரும்பாமல் கையை நீட்டினார். தம்ளர் அங்கே இருந்தது.

“பாத்தியா சித்தி, தேடவே இல்ல!” என்று நான் கை தட்டினேன்.

சித்தி சிரிக்கவில்லை. அப்பா தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

அப்பாதான் வந்துவிட்டாரே, இப்போது எதற்கு அழுகை? எனக்கு விளங்கவில்லை. தனக்கு வட்டம் இல்லாத வருத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மனசே இல்லாமல் என் தம்ளரை எடுத்துவிட்டு, நான்காம் வட்டத்தில் அம்மாவுடையதை வைத்தேன்.