எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு ஓர் ஆற்றைத் தூக்கிக்கொண்டு போனோம்

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் நிஸார் போன் பண்ணினான். ராயபுரத்தில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது எண்ணூரில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். நான் திருச்சியில் குடியேறி இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அதனால் பள்ளியில் எனக்குப் பெயர் அண்ணாச்சி. நிஸாருக்கு மட்டும் இன்னும் அதுதான் என் பெயர்.

"டேய் அண்ணாச்சி, வர்ற சனிக்கெழம பத்து ஸ்கூலு ஒண்ணா சேந்து விழா வெக்கிறோம். பசங்க செஞ்சது, பாடுனது, ஜெயிச்சது எல்லாம் ஒரே எடத்துல. எங்கன்னு கேளு மாமு, நம்ம ஸ்கூல் ஹால்ல!"

மலை, அருவி என்று எழுதிக்கொண்டிருக்கிற ஆள் நான். வடசென்னையைப் பற்றி இந்த வலைப்பூவில் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முதலில் எண்ணூருக்கு வந்துவிடு, பிள்ளைகளோடு சேர்ந்தே ராயபுரம் போகலாம் என்று நிஸார் சொல்லியிருந்தான். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

சனிக்கிழமை காலை 5.10க்கு எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து மெட்ரோ. சென்ட்ரலில் வண்டி மாறி விம்கோ நகர் வரை 40 ரூபாய், முக்கால் மணி நேரம். நாங்கள் படித்த காலத்தில் விம்கோ நகர் என்றால் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் கூட்டம்தான் ஞாபகம் வரும். இப்போது குளிரூட்டிய பெட்டியிலிருந்து இறங்கி, நகரும் படிக்கட்டில் கீழே வந்தேன். எனக்கு அது பிடிக்கவும் செய்தது, பிடிக்காமலும் இருந்தது. வெளியே ஒரு கடையில் டீயும் இரண்டு பொறையும், 22 ரூபாய். அங்கிருந்து கத்திவாக்கம் வரை ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பாதி வழியில் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "சார், டிரெய்லரு லைன் கட்டிக்கினு கீது. இன்னிக்கி ஹார்பர் சைடு பூரா பேஜாருதான்" என்றார். நான் போவது எண்ணூருக்குத்தானே என்று அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

7.40க்கு நிஸாரின் பள்ளிக்கூடத்தை அடைந்தேன். வாசலிலேயே நிஸார். தலையில் முடி போய்விட்டது, நக்கல் போகவில்லை. அவனுக்குப் பின்னால் நாலு பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி நின்றார்கள். ஐந்தடிக்கு மூன்றடி இருக்கும். அதன்மேல் தெர்மாகோலில் எண்ணூர்க் கழிமுகத்தையே செய்து வைத்திருந்தார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம், பாலம், குப்பங்கள், புகைபோக்கிகள், குழாய்கள், சாம்பல் படிந்த கரை. தேவி என்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பெண்தான் தலைவி. மற்ற மூவரும் ஒன்பதாம் வகுப்பு.

தேவி ஏன் அப்படி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பதை நிஸார் சொன்னான். விழாவில் முதல் பரிசு வாங்கும் ஒரே ஒரு மாதிரிதான் மாவட்டப் போட்டிக்குப் போகும். பத்து மணிக்குள் போய்ப் பெயர் பதிய வேண்டும். முந்தைய வருஷம் சாலையில் ஒரு டிரெய்லர் பழுதாகி நின்று, இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். அதற்கு முந்தைய வருஷம் பத்து இருபத்தைந்து. இரண்டு முறையும் செய்ததைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தேவிக்கு இது கடைசி வருஷம்.

எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் வரவில்லை. டிரைவர் திருவொற்றியூரிலேயே மாட்டிக்கொண்டதாகப் போனில் சொன்னார். நிஸார் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான். தேவிதான் சொன்னாள்.

"சார், ரயில்ல போலாம். வெண்டர் பெட்டில ஏத்திக்கலாம்."

மீன் கூடை, பூக்கூடை ஏற்றுகிற பெட்டிக்கு இங்கே அதுதான் பெயர். இருக்கை குறைவு, தரை நிறைய இடம். ஆளுக்கொரு மூலை பிடித்துக் கத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பதினெட்டு நிமிஷம் ஆனது. நின்றுகொண்டிருந்த டிரெய்லர்களின் டிரைவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ராயபுரத்துக்கு டிக்கெட் ஆளுக்கு 5 ரூபாய். ஆற்றுக்கும் டிக்கெட் எடுக்கணுமா என்று கவுண்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். பீச் போகும் வண்டி 8.42.

பெட்டியில் அன்னக்கூடையில் இறால் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கூடையைக் காலால் தள்ளி எங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

"இன்னாம்மே இது?"

"நம்ம ஆறுக்கா" என்றாள் தேவி.

"ஆறா? அப்ப என் வூடு எங்க கீது, காட்டு."

தேவி எந்தக் குப்பம், எந்தத் தெரு என்று கேட்டாள். பிறகு குனிந்து, கடுகு அளவு இருந்த ஒரு நீலக் கூரையின்மேல் விரலை வைத்தாள். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாண்டி, பக்கத்துல வேப்பமரம்கூட வெச்சிகிறே!" என்று தேவியின் கன்னத்தைக் கிள்ளினார். இறால் ஈரம் கன்னத்தில் ஒட்டியது, தேவி துடைத்துக்கொள்ளவில்லை.

நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் என் இடத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பள்ளி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் நிஸாரும் சைக்கிளில் எண்ணூர் வந்துவிடுவோம். கழிமுகத்துக்கு நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. தண்ணீர் வடியும்போது முட்டளவு ஆழத்தில் நடந்தே போகலாம். அங்கே உட்கார்ந்து மட்டி பொறுக்குவோம், கப்பல் எண்ணுவோம், பெரிய பெரிய பொய்யாக அவிழ்த்துவிடுவோம். அப்பாவின் கடையை விற்று நாங்கள் ஊரை விட்டுப் போகிற வாரத்தில்கூட அங்கேதான் போய் உட்கார்ந்தோம். அந்த மாதிரியில் எல்லாம் இருந்தது, திட்டு மட்டும் இல்லை.

"என்னம்மா, நடுவுல இருக்கிற திட்டை விட்டுட்டியே" என்றேன்.

"அங்கிள், அது இப்ப..." என்று தேவி ஆரம்பித்தாள்.

"ஆமால்ல! எங்கடா அது?" என்று நிஸார் குறுக்கே பாய்ந்தான். "அது இல்லாம இன்னா எண்ணூரு?" வேலை எண்ணூரில்தான் என்றாலும் அவன் ஆற்றுப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவ்வளவுதான். வழியில் ஏதாவது உடைந்தால் ஒட்டுவதற்காகத் தேவி ஒரு பையில் பசையும் மரத்தூளும் வைத்திருந்தாள். நாங்கள் அதைப் பிரித்தோம். பாலத்துக்குக் கிழக்கே என்று நான், மேற்கே என்று அவன். விம்கோ நகர் வரை சண்டை, திருவொற்றியூர் தாண்டியதும் சமரசம். ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேர் ஓடுகிற ரயிலின் தரையில் மண்டியிட்டு, கட்டைவிரலால் மரத்தூளைக் குவித்துத் திட்டுக் கட்டினோம். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குறைவு. தேவி எங்களைத் தடுக்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவளுடைய வாத்தியார் அல்லவா.

9.14க்கு ராயபுரம். ஸ்டேஷனிலிருந்து எங்கள் பழைய பள்ளிக்கு நடை பன்னிரண்டு நிமிஷம். 9.35க்குப் பெயர் பதிந்தாகிவிட்டது. ரசீதை வாங்கியதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரும் குதித்தார்கள். தேவி ரசீதை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள்.

ஹால் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அன்றைக்கு அதற்குள் பத்துப் பள்ளிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. காசிமேட்டுப் பெண்கள் கையில் துணி சுற்றிக் குத்துச்சண்டை செய்து காட்டினார்கள். வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பழைய புத்தகங்களில் தெருவோர நூலகம் நடத்துகிறார்களாம். அதற்கு இடம் கொடுத்த பிரியாணிக் கடைக்காரரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போட்டார்கள். அவர் கூச்சத்தில் அதை உடனே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மூலக்கொத்தளத்திலிருந்து வந்த ஒரு குழு பறை அடித்தபோது ஜன்னல் அதிர்ந்தது. நாங்கள் படித்தபோது இந்த மேடையில் வரவேற்புரையும் நன்றியுரையும் தவிர எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை.

11.20க்கு நடுவர் வந்தார். ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெரியவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. தேவி மணி மணியாக விளக்கினாள். எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, எந்தக் கரையில் இப்போது வலை போடுவதில்லை, எங்கே ஆழம் குறைந்துபோனது என்று எல்லாம். நடுவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பிறகு பேனாவால் நடுவில் காட்டினார்.

"இது என்ன? போன மாசம் எங்க பசங்களோட படகுல போனேனே. இங்க திட்டு எதுவும் இல்லையே."

பக்கத்தில் நிஸார் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது முன்னாடி இருந்திச்சு மேடம். இப்ப இல்ல."

"அப்ப ஏன் வெச்சீங்க? யாரு வெச்சது?"

மாதிரியை மாணவர்கள் மட்டுமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. தேவி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் மேடம். தப்பா வெச்சிட்டேன்."

சொல்லிவிட்டு விரலால் அந்தத் திட்டைப் பெயர்த்தெடுத்தாள். பசை காயாததால் நீல வண்ணமும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆற்றின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தெர்மாகோல் தெரிந்தது. நான் அப்போதே கயிற்றைத் தாண்டிப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பள்ளியையே நீக்கிவிடுவார்களோ என்று பயந்தேன் என்று இப்போது எழுதலாம். நிஜம் என்னவென்றால், எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். மழைத் தண்ணீர் வீட்டுப் படியைத் தொட்டதும் மணியடிக்கும் கருவி செய்த தண்டையார்பேட்டைப் பையன்கள் இருவருக்கு முதல் பரிசு. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. தேவியின் குழுவுக்கு இரண்டாம் பரிசு. வித்தியாசம் ஒரே ஒரு மதிப்பெண். எண்ணூர்ப் பள்ளியின் பெயரை மைக்கில் படித்தபோது நிஸார் கைதட்டிக்கொண்டே அழுதான்.

நான் நடுவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க நகத்துல மரத்தூள் ஒட்டியிருந்துச்சு சார், அப்பவே பார்த்தேன். விதிப்படி நீக்கியிருக்கணும். அந்தப் பொண்ணு உங்களைக் காட்டிக்கொடுக்கல. அதனால ரெண்டு மார்க் மட்டும் குறைச்சேன்" என்றார். ரெண்டு மார்க். நான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

திரும்பும் ரயிலுக்காக ராயபுரம் பிளாட்பாரத்தில் நின்றபோது தேவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டாம் பரிசுக் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பலகையின் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள்.

"வுடுங்க அங்கிள். டயத்துக்கு வந்து சேந்துட்டோம்ல" என்றாள். பிறகு, "அந்தத் திட்டு எனக்கும் தெரியும். எங்கப்பா அது மேல நின்னு வலை வுடுவாராம், தெனம் சொல்லும். ஆனா நான் பொறந்ததுலேர்ந்து அது இல்ல. நான் பாத்த ஆத்ததான் செஞ்சேன்" என்றாள்.

வண்டி வந்ததும் மூலையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எண்ணூர் சாலையை நம்பிக் கிளம்பாதீர்கள், புறநகர் ரயில்தான் வசதி. ஆனால் பீச் போகும் வண்டிகள் அடிக்கடி இல்லை, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சாமான் இருந்தால் வெண்டர் பெட்டி. வெயிலுக்கு முன் கழிமுகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கத்திவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் 10 ரூபாய், இறங்கிப் பதினைந்து நிமிஷ நடை. குடிதண்ணீர் கையோடு வேண்டும். பள்ளி விழாக்களுக்கு யாரும் போகலாம், அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள். போனால் பிள்ளைகள் செய்ததைப் பாருங்கள், கையை மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு நிஸார் வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை 6.30க்குத் தனியாகக் கழிமுகத்துக்குப் போனேன். தேவியின் மாதிரியைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். குழாய்களின் வளைவு, சாம்பல் கரை முடிகிற இடம், நீலக் கூரை, பக்கத்தில் வேப்பமரம். எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருந்தன. பாலத்துக்கு அருகே கரையோரமாக ஏழு படகுகள் வைத்திருந்தாள். நான் எண்ணியபோது ஆறுதான் இருந்தன. இரண்டு தடவை எண்ணினேன். அப்போது ஏழாவது படகு கடலிலிருந்து முகத்துவாரத்துக்குள் திரும்பியது. நானும் நிஸாரும் உட்கார்ந்திருந்த திட்டு இருந்த இடத்தின் மேலேயே, எதிலும் இடிக்காமல் நேராக வந்து, அவள் வைத்திருந்த இடத்தில் நின்றது.